கோட்டை விழுந்த பிறகும் நான்தான் கேப்டன்

அன்பு மால்டேவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், தைவான் வெயிலில் நீயும் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எஸ்பியெரில் வழக்கம்போலக் காற்றுதான். ரொட்டி வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பிய அப்பாவை அது வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டது, மிதிக்கவே இல்லையாம், அதில் அவருக்கு ஒரு பெருமை. கிர்ஸ்டன் அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மறுநாளே நர்ஸுகளை வேலை வாங்க ஆரம்பித்துவிட்டாள்.

உன் கடிதம் வந்தது. காற்றாலைக் குழுவுக்கு உன்னைத் தலைவனாக்கியதும், உன்னைவிட மூத்த அந்த இருவரும் நீ சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் தங்கள் இஷ்டப்படி செய்வதும், பொறுப்பே வேண்டாமென்று நீ எழுதிக் கொடுக்க நினைப்பதும் படித்தேன். அப்பா உடனே, "புடிக்கலேன்னா விட்டுட்டு வரட்டும், என்ன குடிமுழுகிப் போச்சு?" என்றார். போன மாதம் எனக்கும் இதே கதிதான், சிரிக்காதே, அந்தக் கோட்டை விளையாட்டில்.

இணையத்தில் ஆடும் எங்கள் மூன்று பேர் அணிக்கு நான்தான் கேப்டன். ஆல்போர்கில் பல் டாக்டராக இருக்கும் விபெகெ, வடக்கே பன்றிப் பண்ணை வைத்திருக்கும் தொர்கில், அப்புறம் நான். வித்தையெல்லாம் தொர்கில் கையில்தான், ஆனால் நேரத்துக்கு வருகிறவள் நான் ஒருத்திதான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவளுக்கு வேறென்ன பெருமை! ஐம்பதைத் தாண்டியவர்களுக்கான கோப்பையில் அரையிறுதிவரை வந்துவிட்டோம், அதில் மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் மரம் வெட்டு, இரும்பு எடு, வில்லாளிகளைத் திருப்பு என்று மூச்சுவிடாமல் கட்டளை போட்டேன். படுதோல்வி. விபெகெ, "எல்லாத்தையும் நீயே பண்றதுன்னா நாங்க எதுக்கு இங்கர், வேடிக்கை பாக்கவா?" என்றாள். தொர்கில், "என் பண்ணையில பன்னிகூட என்னை இப்படி அதட்டாது" என்று சொல்லிவிட்டு எழுந்தே போய்விட்டான். அடுத்த ஆட்டத்துக்குள் அவன் திரும்பாவிட்டால் அணி கலைந்தது. ஃபோன் போட்டேன், பின்னால் பன்றிகள் கத்துகின்றன. கெஞ்சத்தான் கூப்பிட்டேன், ஆனால் என்னையும் அறியாமல், "உனக்கு அங்க என்ன தெரிஞ்சுது தொர்கில்?" என்று கேட்டுவிட்டேன். கொட்டித் தீர்த்தான். எதிரியின் காட்டுப்பக்கம் காவலே இல்லையாம், ஆட்டத்திலேயே எத்தனையோ தரம் சொன்னானாம், என் சத்தத்தில் அது என் காதில் விழவே இல்லை.

அடுத்த ஆட்டத்தில் காட்டுப்பக்கத்தை அவனிடம் விட்டேன். குறுக்கே பேசிவிடாமலிருக்க அப்பாவின் உப்பு மிட்டாயை வாய் நிறைய அடைத்துக்கொண்டேன். ஜெயித்தோம்! கடைசி ஆட்டத்தில்தான் சோதனை. தொர்கில், "ஆள் அனுப்பு, அவங்க கோட்டைக் கதவு உடையப் போகுது" என்கிறான், விபெகெ, "அனுப்பாத, நம்ம கோட்டை காலியாயிடும்" என்கிறாள். இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான், ஆனால் யோசிக்க நேரமில்லை. அனுப்பினேன். அவன் கதவை உடைப்பதற்குள் எங்கள் கோட்டை விழுந்துவிட்டது. நானே முதலில், "முடிவு என்னோடது, நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் ஆடினீங்க" என்றேன். விபெகெ, "அப்பவே சொன்னேனேன்னு சண்டை போட இருந்தேன், அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டியே" என்று சிரித்துவிட்டாள். தொர்கில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த வருஷமும் நீயே இரு" என்றான். கோப்பை கிடைத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்டா.

அந்தப் பெரியவர்கள் இருவரும் உன்னை மதிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு அங்கே என்ன தெரிகிறது என்று ஒருநாளாவது கேட்டாயா? கேள். ஆளுக்கொன்று சொன்னால் முடிவை நீ எடு, அது தப்பிப் போனால் முதலில் நீ வாயைத் திற. இத்தனைக்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடு, அவமானமில்லை. கேட்காமல் மட்டும் விடாதே.

நல்லா இரு கண்ணா, கை வைத்த காரியமெல்லாம் துலங்கட்டும். காற்றாலைக் கோபுரத்தில் ஏறும்முன் இடுப்புக் கயிற்றின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டால் அப்பாதான் எடுப்பார், எனக்கு அணியோடு பயிற்சி.

முத்தங்களுடன்,
உன் அம்மா
இங்கர்