உன் விரலில் படாத மை

என் வீட்டை ஆண்டவளே, என் தப்புகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவளே,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்பாய். கோபம்தான். எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுப் பூண்டுக் காட்டுக்கு ஓடி வந்தவன் கடிதம் எழுதுகிறான் என்றால், கோபம் எவ்வளவு இருக்கும் என்று நீயே பார்த்துக்கொள். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். படிக்க வேண்டியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

நாளை மறுநாள் எலெக்‌ஷன். சுதந்திரம் வந்த பிறகு இது ரெண்டாவது. ஓட்டர் லிஸ்டில் உன் பேர் வந்துவிட்டது, புள்ள. மணியக்காரர் வீட்டில் வைத்திருக்கிறார்கள், மூன்று தரம் போய்ப் பார்த்தேன். உன் பேர், பக்கத்தில் உன் புருஷன் என்று என் பேர். நீ இல்லாத ஊரில் உன் பேர் மட்டும் என்ன தெளிவாக இருக்கிறது!

முதல் எலெக்‌ஷன் கதையை நான் மறக்க நீ விட்டதே இல்லை. பேர் எழுத வந்த குமாஸ்தா வாசலில் நின்று, "வீட்டுப் பொம்பள பேரு என்னங்க?" என்றார். பெண்டாட்டி பேரை அந்நிய ஆம்பளையிடம் சொல்வதா? மீசையைத் தடவிக்கொண்டு, "எம் பொண்டாட்டின்னு எழுதிக்கங்க, அது போதும்" என்றேன். அவரும் எழுதிக்கொண்டு போனார். பேரில்லாத பெண்டாட்டிகளையெல்லாம் மேலே இருந்தவர்கள் லிஸ்டிலிருந்து அடித்துவிட்டது நம் இருவருக்குமே தெரியாது. நீ கல்யாணச் சேலையைக் கட்டி, கொண்டையில் பூ வைத்து, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் ஏறி வந்தாய். "பேர் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். என் விரலில் மை. உன் விரல் மொட்டை.

வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாய். "அந்த மை வச்ச கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க. பாத்தா வயிறு எரியுது. எம்பேரச் சொன்னா ஒங்க வாயி வெந்தா போயிரும்?"

மை அழிகிற வரைக்கும் இடது கையை முதுகில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். எங்கள் வாத்தியார்கூட என்னை அப்படி உட்கார வைத்ததில்லை.

அடுத்த தரம் குமாஸ்தா வந்தபோது என்னை நீ வாசலுக்கே விடவில்லை. எதிர்மேட்டில் களை பறித்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி உன் பேரைச் சொன்னாய். "புருஷன் பேரு?" என்று அவர் கேட்டதும்தான் மாட்டிக்கொண்டாய். அதைச் சொல்ல உனக்கு நாக்கு எழவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "இந்தா, வாங்க. எம்பேர நான் சொல்லிட்டேன், ஒங்க பேர நீங்க சொல்லுங்க. அவுகவுகளுக்கு வாயி இருக்குல்ல?" என்றாய். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அன்று ராத்திரிச் சோற்றின்போது கேட்டேன். எலெக்‌ஷனில் நிற்கிற ஆளுக்கொரு பெட்டி வைப்பார்களே, நீ எந்தப் பெட்டியில் போடுவாய் என்று. "அது எனக்கும் பெட்டிக்கும் உள்ள சோலி. ஒங்களுக்கு எதுக்கு?" என்றாய். பதினெட்டு வயசு மகளைப் பெற்று வளர்த்த புருஷனிடமே சொல்லவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போனாய். அதையும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

இப்போது கேள். போன வாரம் உன் அண்ணன் வந்தார். ஒரு வேட்பாளருக்காக மலை மலையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார் அல்லவா? காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "செத்தவ ஓட்டு சும்மாத்தான கெடக்கு, மாப்ளே. நம்ம செல்லம் அவ ஆத்தாள உரிச்சு வச்ச மாதிரி இருக்கா. ஒரு சேலையக் கட்டி, நெத்தில பொட்டப் பெருசா வச்சு அனுப்புங்க. எவன் கேக்கப் போறான்?"

உன் கூடப் பிறந்தவர் சொல்கிறார். ‘செத்தவ’ என்று, காப்பி டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டே.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாப்போம், மச்சான்." இதைத்தான் சொன்னேன். பூண்டு மூட்டையைச் சந்தைக்குச் சுமக்கிற குதிரைகளெல்லாம் அவருடையவை என்ற நினைப்பு அந்த நேரத்தில் வந்து தொலைத்தது. அவர் மேல் உள்ள கோபத்தில் பாதி என் மேல்தான்.

அன்று பிடித்தது இந்த வியாதி. நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை, வெள்ளனே எழுந்து மூன்று தரம் ஓடைப் பக்கம் ஓடுகிறேன். நாயுடுபுரத்துக் கம்பவுண்டரிடம் போனேன்.

"எப்பருந்து இப்படி இருக்கு?"

"எலெக்‌ஷன் நெருங்க நெருங்கத்தான் சார்."

"எலெக்‌ஷன்ல நீங்களா நிக்கிறீங்க?"

"இல்ல சார்."

"நிக்கிறவங்களே நல்லாத் தூங்குறாங்க. ஒங்களுக்கு ஏன்யா வயித்தக் கலக்குது?"

ரோஸ் கலரில் ஒரு மிக்சர் கொடுத்தார். அதைக் குடித்ததில் இன்னும் ரெண்டு தரம் ஓடினேன்.

இருபத்தொரு வயசு ஆகாததால் தனக்கென்று ஓட்டு இல்லாத செல்லம் கேட்ட கேள்வி அதைவிடக் கலக்கியது. "அம்மாவுக்கு ஓட்டுப் போடணும்னு எம்புட்டு ஆசை! நான் போனா அம்மா போன மாதிரிதானப்பா?" எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன்? உன் சேலை அந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறுவதைப் பார்க்க ஆசை வந்தது. ஏமாற்றுவதற்குக்கூட இவ்வளவு அழகான காரணம் கிடைக்குமா?

இன்று காலையில் உன் அண்ணன் மறுபடியும் வந்தார். என்னைக் கேட்கவே இல்லை. நேராக உன் டிரங்குப் பெட்டியைத் திறக்கப் போனார். "அந்தக் கல்யாணச் சேலை எங்க? அதான் எடுப்பா இருக்கும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. போய்ப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் வாழ்நாளில் செய்த ஒரே வீரச்செயல் இதுதான்.

"என்ன மாப்ளே இது, சின்னப்பிள்ள மாதிரி? எந்திரிங்க."

"மாட்டேன்."

"ஒரு ஓட்டுய்யா!"

"அது அவ ஓட்டு. எந்தப் பெட்டியில போடுவான்னு எங்கிட்டயே சொல்லல. ஒங்க பெட்டியிலதான்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் முகம் சிவந்தது. "அப்படியா? இனிமே எங்குதிர ஒங்க பூண்டத் தொடாது. தலையில சுமங்க."

"சுமக்குறேன்."

சொல்லிவிட்டேன். செல்லம் அடுப்படியிலிருந்து வந்து என்னைப் பார்த்தாள், தன் மாமாவைப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா" என்று அவளும் பெட்டி மேல் உட்கார்ந்தாள். உன் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு போனார். வாசலில் நின்று, "ஒம்மக இல்லாட்டி ஊருல வேற பொம்பளையா இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுதான் எரிகிறது. உயிரோடு மூன்று மைல் ஏறி வந்தவளைப் பேரில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குக் காரணம் நான். இன்றைக்குப் பேர் இருக்கிறது, ஆள் இல்லை என்றதும் எவளோ ஒருத்தியை நீயாக்கி அனுப்பப் பார்க்கிறார்கள். நீ யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எடுத்து அவர்கள் பெட்டியில் போட்டுக்கொள்வார்களா? எந்த ஊர் நியாயம் இது?

நாளை மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னே போய் நிற்பேன். அதிகாரியிடமும் ஏஜெண்டுகளிடமும் லிஸ்டில் உன் வரியில் விரலை வைத்துச் சொல்வேன். அதற்கு நான் ரெண்டு காரியம் செய்தாக வேண்டும். உன் பேரைச் சொல்ல வேண்டும், நீ செத்துப்போய்விட்டாய் என்றும் சொல்ல வேண்டும். முதலாவதை இருபது வருஷமாகச் செய்யவில்லை, ரெண்டாவதை நாலு மாதமாகச் செய்யவில்லை. வயிறு இப்போதே கலங்குகிறது. கலங்கட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் ஓடை இருக்கிறது.

சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நிற்பேன். உன் பேரைச் சொல்லிக்கொண்டு எவள் வந்தாலும், எதிர்மேட்டில் களை பறிப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி உன் பேரைச் சொல்லித் தடுப்பேன். வீட்டுக்கு வந்து, மை வைத்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். இது சத்தியம்.

இப்போது ஒரு தரம் எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழனியம்மாளின் புருஷன்