சட்டையில் புகை வாடை

கார்த்திகை 9, செவ்வாய்

இவரு சிகரெட்டை விட்டதுல இருந்து ஊட்டுல சண்டையே இல்லை. இன்னைக்கு நானே சண்டையை இழுத்துப்போட்டேன்.

லேத் பட்டறையில இருந்து வந்து, சட்டையைக் கழட்டிக் கொடியில போட்டுட்டுக் குளிக்கப் போனாரு. எடுத்து மோந்து பார்த்தேன். புகை வாடை. துண்டு எடுக்கத் திரும்பி வந்தவரு நான் மோந்து பார்க்கறதைப் பார்த்துப்போட்டாரு.

"ஏனுங்க, என்னங்க இது?"

"பேக்கரியில டீ குடிச்சேன். பக்கத்துல ஊதுனாங்க. நான் தொடலை அம்மணி."

"அப்புறம் எதுக்குங்க அந்தப் பேக்கரிக்கே போறீங்க?"

அவரு கத்தலை. "கூட வேலை செய்யறவங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. சிகரெட்டை நீட்டுறப்ப வேண்டாம்னு சொல்லிட்டு வாரது எவ்வளவு கஷ்டம்னு ஒருநாளாவது கேட்டயா? மோந்து பார்க்க மட்டும் தெரியுது."

அதே சட்டையை மாட்டிக்கிட்டு வண்டியை எடுத்தாரு. குளிக்கலை, சாப்பிடலை. பேக்கரி இன்னும் தொறந்துதான் இருக்கும். இத்தனை நாளாத் தாங்கின மனுசனை நானே அங்க துரத்திப்போட்டனோ?

கேட் தொறக்கற சத்தம். வந்துட்டாரு.

மோந்து பார்க்காம, மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் கதவைத் தொறக்கோணும்.