நடுக்கொம்பு ஓயலாகாது

அலை ஓயாதிருக்க! போன கலமெல்லாம் கரை சேர்க! கொழுநராகிய அரசர் பொலந்தார் வேளார் கடல்மேற் சென்றிருக்கும் நாளெல்லாம் அவர் பொருட்டு வெண்மணல் நாட்டை ஆண்டருளும் பெருந்தேவி செங்கழுநீர் நாச்சியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் எயினன் ஆதன், தாழைத்துறைப் பட்டினக் காவலர் சாத்தந்தையாருக்கு எழுதிய ஓலை. உம் துறையும், மனையும், மக்களும், உம்மைப் பாடாய்ப் படுத்தும் அந்த முழங்காலும் நலம் பெறுக.

நலம் விசாரித்தாயிற்று, இனி வழக்குக்கு வருவோம்.

சென்ற வெள்ளியன்று விளக்கு வைக்கும் வேளையில், நாச்சியார் மேல்மாடத்தில் நின்று உம் கரைமேட்டில் மாலைதோறும் சேர்ந்தொலிக்கும் மூன்று கொம்புகளுக்குச் செவி கொடுத்திருந்தார். அரசர் கலமேறிய நாள் முதல், மூன்று வருடமாக ஒருநாளும் தவறாத வழக்கம் அது. அடிக்கொம்பு ஒலித்தது, உச்சிக்கொம்பு ஒலித்தது, நடுவில் ஒன்றையும் காணோம். அரசர் மாண்ட செய்தி துறைக்கு வந்துவிட்டதென்றும், அதை ஊத அஞ்சி நடுக்கொம்பன் வாயடைத்துப் போனான் என்றும் எண்ணிய நாச்சியார், தூணைப் பிடித்தபடி தரையில் அமர்ந்துவிட்டார். குதிரைவீரன் போய் மீளும்வரை ஒரு வாய் நீரும் அருந்தவில்லை. வீரன் கொண்டுவந்ததோ, எல்லாம் உம் கருணையால் நேர்ந்தது என்னும் மறுமொழி! ஐயா, என்ன காரியம் செய்துவிட்டீர்!

உம் விண்ணப்பம் வாசிக்கப்பட்டது. மூன்று வருடமாய் ஒரே சோக ஒலி கேட்டு ஊர் சலித்ததென்றும், 'எங்க வீட்டுக் கல்யாணத்தன்னைக்கும் இந்த அழுகைதானா' என்று பரதவப் பெண்கள் உம் வாசலில் வந்து நின்றனர் என்றும், மகிழ்ச்சி ஒலி ஊதினால் பொய்யாகும், சோக ஒலியை ஊர் பொறுக்காது, ஆகவே நடுக்கொம்பை மட்டும் நீக்கினீர் என்றும் எழுதியுள்ளீர். உம் கணிப்பில் பிழையில்லை. அடியும் உச்சியும் எக்காலத்தும் மாறுவதில்லை. கலமெல்லாம் திரும்பிய நாளில் அவற்றிடையே குறுங்கொம்பு சேர, கேட்டவர் முகம் மலர்கிறது. ஒரு கலமேனும் திரும்பாதிருக்கையில், அதனினும் மூன்று விரற்கடை நீண்ட நெடுங்கொம்பு சேர, நடுவொலி அரைச்சுரம் தாழ்ந்து நெஞ்சு கனக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான். நடுவையே எடுத்துவிட்டால் சிரிப்புமில்லை, அழுகையுமில்லை; ஆளில்லாத வீடு போல் ஆகிறது.

அந்த வீட்டில்தான் நாச்சியாரால் குடியிருக்க முடியவில்லை. அவர் அருளியதை உள்ளபடி எழுதுகிறேன். கலமேறும் காலையில் அரசர் தம் கையாலேயே நெடுங்கொம்பை எடுத்து ஊதுவோனிடம் கொடுத்து, தாம் வரும்வரை அதைக் கீழே வைக்கலாகாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அழுகை ஒலி கேட்கும்வரை அவர் கடலில் இருக்கிறார் என்று பொருளாம். நடுவில்லாத வெற்றொலியோ, அவரை எவரும் எதிர்பார்க்கவில்லை என்று பொருளாம். ஊருக்குச் சலித்திருக்கலாம், தமக்கு இன்னும் சலிக்கவில்லை என்றார்.

ஆகவே ஆணை இது. மணவீட்டு வாசல்களில் குறுங்கொம்பு தாராளமாய் ஊதப்படுக. அவர்கள் மகிழ்ச்சிக்கு நாச்சியார் குறுக்கே நில்லார். கரைமேட்டிலோ, இன்று மாலை முதல் நெடுங்கொம்பு மீண்டும் நடுவில் நிற்க. அரசரின் கலம் கண்ணிற் பட்டால் அரண்மனைக்கு ஆள் விடவேண்டா. நடுக்கொம்பை மாற்றும், போதும். வேறு செய்தி வந்தாலும் ஆள் விடவேண்டா. அன்றும் நெடுங்கொம்பையே வழக்கம்போல் ஊதச் சொல்லும்.

அரசரின் கணையாழி அவர் விரலோடு கடலில் இருப்பதால், நாச்சியாரின் பெருவிரல் பதிந்த அரக்கே இவ்வோலைக்கு இலச்சினை. உச்சிவெயில் சாயுமுன் இது உம் கை சேரும். நாச்சியார் இப்போதே மாடம் ஏறிவிட்டார்.