ஜரிகை கட்டிய வண்டி

இளம்பிள்ளை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மோனிஷாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். போன மாதம் வரை இதையே போனில் சொல்லும்போது அது பாதி பொய்யாக இருக்கும், இன்றைக்கு அப்படியில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் நொய்டாக் குளிரில் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் எதையும் முழுதாகப் பேச முடிவதில்லை, நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் முன்னால் என்ன சொல்வது. அதனால் தட்டுவடைப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

அப்பா குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வரும்போது டாக்டர் எடை தூக்கவே கூடாது, தையல் விட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்று சொன்னது உனக்குத் தெரியும். நீ போனில் கேட்கும்போதெல்லாம் அப்பா, நானெங்க சாமி தூக்கறேன், எல்லாம் கதிர்வேலு பாத்துக்கறான் என்பார். தறி ஓட்டுகிற கதிர்வேல் அண்ணன் அதை விட்டு எப்படி நகர்வார். ஊடைநூலைக் குச்சியில் தாராகச் சுற்றும் மெஷின் முன்வாசலில், தறிகள் பின்னால், தார் நிறைந்த பெட்டி அங்கிருந்து இங்கே போனால்தான் ஓட்டம் நிற்காது. நான் சமையலுக்குத் திரும்பினால் போதும், பெட்டி இடம் மாறியிருக்கும். ஒருநாள் டீ கொண்டு போனபோது, தறிக்கட்டையைப் பிடித்தபடி வயிற்றை அமுக்கிக்கொண்டு நின்றிருந்தார், முகமெல்லாம் வேர்வை. நான் சத்தம் போட்டதற்கு, ஏம்புள்ள கத்தற, தறிச் சத்தம் போதலையா என்று சிரித்தார். ஒரு ஆள் வைங்க என்றேன், என்ற பட்டறைல எனக்கே எடுபிடி ஆளா என்று கோபித்துக்கொண்டார்.

நீ விட்டுப்போன எலக்ட்ரானிக்ஸ் பெட்டியை, லீவில் நீ போய்வந்த ஜலகண்டாபுரத்து ரோபோக் குழுவிடம் கொடுக்கச் சொன்னாய் அல்லவா, கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பத்தான் போனேன். செல்போன் கடை மாடியில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சால்டரிங் செய்துகொண்டிருந்தார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது, கதவோரமே நின்றேன். கடைக்கார சந்தோஷ்குமார், மோனிஷா அம்மாவா, உக்காருங்கக்கா என்று ஒரு பலகையைத் தள்ளிவிட்டார். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்ததை நீதான் அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாய். நம் வீட்டில் முதன்முதலாக வாங்கிய பட்டம், இத்தனை வருஷமாகப் பீரோவில்தானே இருக்கிறது. அதன்பிறகு ஞாயிறுதோறும் போகிறேன். முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்துப் பார்த்து ஓடும் ஒரு சின்ன வண்டியை அவர்கள் ஓட்டிக்காட்டியபோதுதான் கேட்டேன், இது ஒரு பெட்டி தாரைச் சுமக்குமா என்று. நான் வாயைத் திறந்ததே அன்றைக்குத்தான் என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் நித்யஸ்ரீ, செஞ்சு பாத்துரலாங்கக்கா என்றது.

பெரிய மோட்டார், பழைய அலமாரிச் சக்கரம், பிளைவுட் பலகை எல்லாம் சேர்த்து வண்டி தயாரானது. மாடியில் அரிசி மூட்டையை வைத்தும் அலுங்காமல் ஓடியது. நம் பட்டறைக்குக் கொண்டு வந்து தரையில் டேப் ஒட்டி ஓட்டினால் பாதித் தூரத்தில் நின்றுவிட்டது. கொஞ்சம் தள்ளிவிட்டால் ஓடும், மறுபடி நிற்கும். அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, ஏனுங்க தம்பி, இதத் தூக்கறதுக்கு வேற நானே வரோணுமாட்ட இருக்குது என்றார், சந்தோஷ்குமார் முகம் சுருங்கிவிட்டது. நித்யஸ்ரீ புரோகிராமை மாற்றி மாற்றி எழுதியது, பேட்டரியை மாற்றினோம், பஞ்சு படிந்திருக்கிறதென்று டேப்பைத் துடைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனதும் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கண் முன்னாலேயே நடந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் தறி ஓடும்போது வண்டியை அருகில் வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். தறி அதிரும்போதெல்லாம் வண்டிமேல் ஏதோ பளிச் பளிச்சென்று மின்னியது. குனிந்து பார்த்தால் ஜரிகை. பட்டறைக்கு எடுத்து வருமுன் ஒயர்கள் அசிங்கமாகத் தொங்குகிறதே என்று கழிவு ஜரிகையால் சுற்றிக் கட்டியது நான்தான். நம் வீட்டில் சாவிக்கொத்திலிருந்து வெள்ளைப்பூண்டுப் பை வரைக்கும் அதில்தானே கட்டுகிறோம், கை தானாக அதைத்தான் எடுத்தது. நம் ஜரிகையில் நூலைச் சுற்றியிருப்பது செம்புக் கம்பி, அதில் கரண்ட் போகும் என்பது இயற்பியல் படித்தவளுக்குத் தோன்றவில்லை பார். அதிர்வில் ஜரிகை நுனி, கோட்டைப் பார்க்கும் சென்சாரின் கம்பிக் கால்களைத் தொடும்போதெல்லாம், கோடு தவறிவிட்டது என்று நினைத்து வண்டி நின்றிருக்கிறது. அவிழ்த்துவிட்டுச் சாதாரணப் பருத்தி நூலால் கட்டினேன், ஜரிகைத் துணுக்கு விழாமலிருக்க மேலே ஒரு டிபன் டப்பா மூடியைக் கவிழ்த்தேன். அதன்பிறகு அது நிற்கவே இல்லை. குழுவில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுந்து நின்று சொன்னேன். சந்தோஷ்குமார் விழுந்து விழுந்து சிரித்து, அக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜரிகை கட்டிவுட்டா அது நாணிக்கிட்டு நிக்காம என்ன பண்ணும் என்றார். நித்யஸ்ரீதான், நான் எழுதுன புரோகிராம் நல்லாத்தாங்க்கா இருந்துச்சு என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது, பிறகு அதுவும் சிரித்துவிட்டது.

அப்பா முதல் இரண்டு நாள் வண்டியைக் கண்டுகொள்ளவில்லை. பெட்டி பின்னால் வந்து நிற்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு தாரை ஒவ்வொன்றாக எடுத்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டைக்குள் போடுவார். நேற்று கதிர்வேல் அண்ணன் டேப்பின்மேல் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஏப்பா, கோட்ட உட்டுத் தள்ளி நில்லு, வண்டி வாரது தெரியல என்று அப்பா அதட்டிய அதட்டல் அத்தனை தறிச் சத்தத்தையும் மீறி அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் கரண்டியும் கையுமாக நின்று சிரித்தேன். நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

தட்டுவடையை ரூமில் எல்லாருக்கும் கொடுத்துச் சாப்பிடு, டப்பாவை இறுக்கி மூடு, இல்லாவிட்டால் நமுத்துப்போகும். குளிருக்குப் பயந்து தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. நீயும் எதையும் தனியாளாகத் தூக்கிச் சுமக்காதே, பக்கத்தில் இருப்பவர்களைக் கேள், கேட்டால் செய்கிறார்கள். நம் குலசாமி உனக்கு என்றும் துணை இருக்கட்டும், நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் நீ இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, நான் எழுதியதாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. எப்போதும்போல, எடை தூக்குறீங்களாப்பா என்று கேள். அவரும் எப்போதும்போல, நானெங்க சாமி தூக்கறேன் என்பார். இந்தத் தடவை நீ நம்பலாம்.

இப்படிக்கு
உன் அம்மா
தெய்வநாயகி