நுரையீரலில் ஒரு மிளகு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவைத் தவிர. அவரும் சுகம்தான், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறார். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள்தானே. இத்தனை வருஷம் புகைத்தவர் ஒருமுறை நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது என்று டாக்டரம்மா சொல்லி, போன மாதம் எடுத்தோம். நுரையீரலில் மிளகளவு ஒரு முடிச்சு தெரிகிறதாம். நிறையப் பேருக்கு இருக்கும், பெரும்பாலும் பழைய சளித்தொல்லை விட்டுப்போன தழும்புதான், புற்றுநோயாக இருப்பது அபூர்வம், ஆனாலும் ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்றார். இவ்வளவிலும் உன் அப்பா காதில் விழுந்தது புற்றுநோய் என்ற ஒரு சொல்தான். வீட்டுக்கு வந்து படுத்தவர் படுத்தவர்தான். உன் பெரியப்பா வேறு இழவு வீட்டு முகத்தோடு வந்து, உடனே அறுத்து எறிந்துவிடலாம் என்று முழங்கிவிட்டுப் போனார். கத்தரிக்காய் நறுக்கத் தெரியாத மனுஷன் நுரையீரலை அறுக்கக் கிளம்பிவிட்டார்.

கூத்து இன்னும் இருக்கிறது. முன்பு ஏணியிலிருந்து விழுந்தபோது எடுத்த நெஞ்சு ஸ்கேன் படத்தைக் கொண்டு வாருங்கள், அதிலும் இதே அளவில் இருந்தால் பயமே இல்லை என்றார் டாக்டரம்மா. படம் எடுத்த இடத்தையோ எப்போதோ மூடிவிட்டார்கள். நம்மிடம் இருந்த படம் எங்கே என்றால், போர்டு எழுதுகிற மகாராஜா, உன் அப்பாதான், அதைப் பிளேடால் வெட்டி, மேலே பெயிண்ட் அடித்து எழுத்து எடுக்கிற அச்சு செய்திருக்கிறார், அந்த ஃபிலிம் பெயிண்டில் ஊறாதாம். அவர் கடையில் தேடி எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நுரையீரல் இருக்க வேண்டிய இடமெல்லாம் ‘வாடகைக்கு’ என்று ஓட்டை. அவரே சிரித்துவிட்டார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது அடுத்த ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்று அடம். “தெரியாம இருந்தா நிம்மதியா இருப்பேன்” என்கிறார். நிம்மதியின் லட்சணத்தைத்தான் பார்க்கிறேனே, சோறு இறங்கவில்லை, பிரஷைத் தொடவில்லை, சிகரெட்டுக்கு மட்டும் கை தானாக நீளுகிறது. பெட்டியோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேன். நீ லீவு போட்டு ஓடி வராதே, உன்னை வாசலில் பார்த்தால் தான் செத்தே போய்விட்டதாக முடிவுகட்டிவிடுவார். போனில் நாலு வார்த்தை திட்டு, நீ சொன்னால் கேட்பார். கேட்காவிட்டாலும் இழுத்துக்கொண்டு போகத்தான் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, ஸ்கேன் முடிவு வருகிற அன்று அவரைக் கூப்பிடாதே, என்னைக் கூப்பிடு. அவர் பயத்தைத் திட்டித் தீர்க்க நான் இருக்கிறேன். என் பயத்தைத் திட்ட இங்கே ஆளில்லை.

உன் அம்மா