மாரிக்கு இன்னொரு அம்மா

என் பாக்கியத்துக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகுமோ என்னவோ, நான் எழுதிவிட்டேன். இது என் கைதான். முதியோர் வகுப்பு டீச்சர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதியது இல்லை. 'ழ' மட்டும் இன்னும் என்னோடு மல்லுக்கட்டுகிறது. மற்ற எழுத்தெல்லாம் சொன்னபடி கேட்கின்றன. வகுப்புப் பத்திரிகையில் இதைப் போடப்போகிறார்களாம். நாலு பேர் படிக்கட்டும். நம் பேச்சில் ஒளிக்க என்ன இருக்கிறது?

எல்லாம் நம் மாரியைப் பற்றித்தான். நீ போனபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள், இப்போது மதுரையில் காலேஜில் முதல் வருசம், ஹாஸ்டலில் இருக்கிறாள். அங்கே ஒருத்தியை அம்மா என்று கூப்பிடுகிறாள்.

கோபப்படாதே, முழுவதையும் கேள். அந்த ஹாஸ்டலில் ஒரு வழக்கம். கடைசி வருசத்துப் பெண் ஒவ்வொருத்தியும் புதிதாக வந்தவள் ஒருத்தியை மகளாக எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் ஒரு வாய் சோறு ஊட்டிவிட்டால் தாய் மகள் ஆகிவிட்டார்கள். நடு வருசத்துப் பெண்கள் சித்திகள். படித்து முடித்துப் போனவர்கள் பாட்டிகள். மகள் அழுதால் தாய் பார்க்க வேண்டும். மகள் தப்புச் செய்தால் தாயைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

"இதுல சிநேகிதம் வளரும், பொறுப்பு வளரும், நாலு பேரை நடத்துற திறமை வரும்" என்று சேர்க்கப் போன அன்றே வார்டன் அம்மா சொன்னார். நான் தலையை ஆட்டினேன், நம்பவில்லை. இருபது வயதுப் பிள்ளை எப்படித் தாயாவாள்? சும்மா யாராவது ஊட்டுவார்களா? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் என்று பழமொழி சொல்கிறார்கள். அதிலேயே தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு ஆதாயம் இருக்கிறதே.

முதல் தடவை பார்க்கப் போனபோது மாரியின் தலை கயிறு திரித்த மாதிரி இறுக்கமாகப் பின்னியிருந்தது. நீ பின்னுவது போலவே. உனக்குப் பிறகு நான்தான் பின்னிவிட்டேன். என் பின்னல் பஸ் வருவதற்குள் அவிழ்ந்துவிடும்.

"யாரு பின்னுனது?" என்றேன்.

"அம்மா" என்று சொல்லி, பின்னால் நின்ற பெண்ணைக் காட்டினாள்.

பெயர் ஹேமா. பரமக்குடி, சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. அந்த ஹாஸ்டலுக்கே அவள்தான் தலைவி, பெண்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்களாம். வந்ததும் என்னை அப்பா என்றாள். என் மகளுக்குத் தாய், எனக்கு மகளாம். இது எந்த ஊர் முறை? மாரியும் கற்றுக்கொண்டாள் போல, இரண்டு பேரும் அவள் வீட்டுப் பாஷையில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என் சட்டையைப் பார்த்துத்தான் என்று எனக்குச் சந்தேகம்.

"ஏத்தா, உனக்கு அண்ணன் தம்பி இருக்காகளா?"

"ஒரு அண்ணன் இருக்காருப்பா. துணிக்கடை வச்சிருக்காரு."

ஆதாயம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். ஊர் திரும்புகிற வரை அந்தத் துணிக்கடைக்காரனோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்புறம் உன் திதி வந்தது. மாரிக்குப் பரீட்சை நெருங்கியதால் நான் மட்டும் படையல் போட்டேன். மறுநாள் செட்டியார் கடைக்குப் போன் வந்தது. வார்டன் அம்மா. "உங்க பொண்ணு நேத்து சொல்லாம வெளிய போயிட்டு இருட்டுன பெறகு வந்திருக்கா. இனிமே இங்க வச்சுக்கிறதான்னு யோசிக்கணும். நேர்ல வாங்க."

ஹாஸ்டல் இல்லையென்றால் காலேஜ் ஏது? திருவாதவூரிலிருந்து தினமும் அனுப்ப என்னால் ஆகாது. படிப்பு போச்சு, எல்லாம் அந்த ஹேமாவால் என்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வார்டன் அறையில் மாரியும் ஹேமாவும் ஒட்டி நின்றார்கள். "எங்க போனீங்கன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறாளுக" என்றார் வார்டன் அம்மா.

ஹேமா தலை நிமிர்ந்து சொன்னாள். "மாரி போனது என் பொறுப்பு மேடம். அவள அனுப்பிடாதீங்க. நான் வேணா தலைவி பதவிய விட்டுடறேன்."

எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. ஒன்றுமில்லாததற்கு யாராவது பதவியை விடுவார்களா? "எம் புள்ளைய எங்கத்தா கூட்டிட்டுப் போன?" என்று கேட்டேன்.

அவள் மாரியைப் பார்த்தாள். மாரி அழுதபடி தலையசைத்தாள்.

"நான் கூட்டிட்டுப் போகலப்பா. கூட்டிட்டு வந்தேன். பெரியாஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தா."

உனக்குத் தெரியும் அந்த பெஞ்சு. நீ வார்டில் கிடந்த நாளெல்லாம் கஞ்சித் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு மாரி வெளியே உட்கார்ந்திருந்த இடம். உன் திதி நாளில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளைக் காணோம் என்றதும் ஹேமா வேறு எங்கேயும் தேடவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏறினாளாம்.

"அப்ப உடனே கூட்டிட்டு வர்றதுதானே?" என்றார் வார்டன் அம்மா.

"எந்திரிக்க மாட்டேன்னா மேடம். சரின்னு நானும் உக்காந்துட்டேன்."

"இத நேத்தே சொல்லியிருந்தா என்ன?"

"அது அவ விசயம். அவ சரின்னாத்தான நான் சொல்ல முடியும்."

வார்டன் அம்மா மேசை மேல் இருந்த பதிவேட்டை மூடினார். பிறகு, "பதவியெல்லாம் விட வேணாம். ஒரு மாசம் ரெண்டு பேரும் வெளிய போகக் கூடாது. இப்பப் போயி சாப்புடுங்க" என்றார்.

பேசி முடித்ததற்கு அடையாளமாக என் பக்கம் ஒரு காகிதத்தைத் தள்ளி, கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்தார். நான் பேனா கேட்டேன். என் பெயரை மெதுவாகத்தான் எழுதினேன், ஆனால் ஒரு எழுத்தும் விட்டுப்போகவில்லை. மாரி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது எப்ப?"

"நீ மட்டுந்தான் மறைப்பியா?"

அழுத முகத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

வாசல்வரை ஹேமா வந்தாள். மனசு கேட்கவில்லை. "உங்க அண்ணனுக்குக் கல்யாணம் எப்பத்தா?" என்றேன்.

"ஆகி ரெண்டு புள்ள இருக்குப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்படியா நெனச்சீங்க?"

"அம்புட்டும் நெனச்சேன்."

இன்னமும் ஒரு சந்தேகம் தீரவில்லை, பாக்கியம். அந்த பெஞ்சு இன்னும் மனசில் கிடப்பதை மாரி ஹேமாவிடம் சொல்லியிருக்கிறாள். ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்ட என்னிடம் ஏன் சொல்லவில்லை? அவள் அழுதால் நானும் அழுதுவிடுவேன் என்றா? உன்னிடமாவது சொன்னாளா?

ஹேமா இந்த வருசம் முடித்துப் போய்விடுவாள். மாரியும் கடைசி வருசத்துக்கு வந்தால் யாரோ ஒரு பிள்ளைக்கு ஊட்டிவிடுவாள். அந்தப் பிள்ளையின் அப்பனும் என்னைப் போல முறைத்துக்கொண்டு வருவான். வரட்டும். சந்தேகப்படாதவன் என்ன அப்பன்.

அடுத்த திதிக்குப் படையல் போட்டதும், அந்தத் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு நானே மதுரைக்குப் போவேன். சொல்லிவிட்டு மாரியை வெளியே கூட்டிவருவேன். அந்த பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவளாக எழுந்திருக்கிற வரைக்கும் ஒன்றும் கேட்க மாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

இனிக் கைநாட்டு வைக்காத உன் வீட்டுக்காரன்,
மாரியின் அப்பன்,
கருப்பையா