நன்மமரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போனில் சொன்னால் என் குரலைக் கேட்டுப் பயப்படுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஜிதினுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவன் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் என் படத்தைப் போட்டு, "நம்ம நன்மமரம்" என்று எழுதினான். நம் மலையாளத்தில் அதற்கு நன்மை காய்க்கும் மரம் என்றுதானே நமக்குத் தெரியும்? நான் பதிலுக்குக் கைகூப்பும் படம் போட்டேன். எல்லாரும் சிரிக்கும் முகங்களை அனுப்பினார்கள்.

"மண்டு, நல்லவ வேஷம் போடுறவளைத்தான் இப்ப இன்ஸ்டாகிராம்ல அப்படிச் சொல்றாங்க," என்றாள் பக்கத்து இருக்கை ஷெமீனா.

"கஞ்சி நல்லா இருந்துச்சுன்னானே?"

"அதையும் நம்பிட்டியா?"

அன்றிலிருந்து யார் புகழ்ந்தாலும் முகத்தை உற்றுப் பார்க்கிறேன்.

நேற்று நம் குடும்பக் குழுவில் சசி மாமா உங்களையும் நன்மமரம் என்று எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுக் கிணறு கலங்கியதால் தண்ணீர் கொடுத்தீர்களாம். நீங்களும் கைகூப்பியிருந்தீர்கள். மாமாவுக்குப் பழைய அர்த்தம் மட்டும்தான் தெரியுமா, அல்லது அவர் மகன் புதியதைச் சொல்லிக்கொடுத்துவிட்டானா? அடுத்த முறை அவர் முகத்தைக் கவனியுங்கள். எதுவானாலும் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள்.

மாங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். சின்ன பாட்டில் போதும், இனி யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

சாப்பாட்டு நேரம் முடிகிறது. ஜிதின் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறான். பெரிய பாட்டிலாகவே அனுப்புங்கள்.

உங்கள்
ஸ்ரீஜிஷா